கொரோனா கால அறிவிப்புகள்: வகுப்பறையில் ஒரு வாசிப்பு

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7ஆம் தேதி உறுதியானது. அந்த மாதம் முடிவதற்குள், மாலையில் வரும் சுகாதாரத் துறை அறிக்கைக்காகத் தொலைக்காட்சி முன் காத்திருப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த அறிக்கை ஒருபுறம். மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பு, ஊராட்சி சார்பில் ஆட்டோவில் கட்டி வந்த ஒலிபெருக்கி, நியாயவிலைக் கடைச் சுவரில் ஒட்டிய தாள், யார் அனுப்பியது என்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த குரல் பதிவு எனப் பல குரல்கள் மறுபுறம். ஓர் ஊர்க்காரர் ஒரே நாளில் இத்தனையையும் கேட்டுவிட்டு, மறுநாள் காலை கடைக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அந்த அறிவிப்புகளை எட்டாம் வகுப்பில் பாடப்பொருளாகப் பயன்படுத்தி வருகிறேன். நான் கணக்கு ஆசிரியர். தமிழாசிரியரும் நானும் சேர்ந்து ஐந்து பாடவேளைகளில் இதை நடத்துகிறோம். இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது சிறு பிள்ளைகள். தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றதும், யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமல் சத்தம் கேட்டதும் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறிவிப்புகள் நினைவில் இல்லை. அதுவும் நல்லதுதான். பயமில்லாமல், ஒரு பழைய கல்வெட்டைப் படிப்பது போல நிதானமாகப் படிக்க முடிகிறது.

ஐந்து பாடவேளைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கரும்பலகையின் மேல் ஓரத்தில் அழிக்கப்படாமல் இருக்கும்: “இதைக் கேட்டவர் இன்று சாயங்காலம் என்ன செய்வார்?”

‘மொத்தம்’ என்றால் எத்தனை பேர்?

முதல் பாடவேளை அன்றாட அறிக்கையோடு தொடங்குகிறது. 2020 கோடை காலத்து அறிக்கை ஒன்றின் அச்சுப்படியை நான்கு பேருக்கு ஒன்று வீதம் கொடுத்துவிடுவேன். அதில் இன்றைய புதிய தொற்று, இதுவரை மொத்தத் தொற்று, இன்று குணமடைந்தோர், இதுவரை குணமடைந்தோர், இறப்பு, சிகிச்சையில் உள்ளோர், பரிசோதனை என்று வரிசையாக இருக்கும். பின்னால் மாவட்ட வாரியான அட்டவணை.

படிக்கச் சொன்னவுடன் பிள்ளைகள் நேராக மிகப் பெரிய எண்ணிடம் போவார்கள். அன்று பெரியவர்களும் அதைத்தான் செய்தார்கள். இங்கே ஒரு சிறிய கணக்கைப் போட வேண்டும். ஒரு மாவட்டத்தில் மொத்தத் தொற்று 100 என்று வைத்துக்கொள்வோம். குணமாகி வீடு திரும்பியவர்கள் 60, இறந்தவர்கள் 2. அப்படியானால் சிகிச்சையில் இருப்பவர்கள் 38 பேர். ‘எங்கள் மாவட்டத்தில் 100 பேருக்குக் கொரோனா’ என்று டீக்கடையில் பேசப்படும்போது, அந்த 100 முதல் நாளிலிருந்து கூட்டிக்கொண்டே வந்த எண். அது கூடுமே தவிரக் குறையாது. நோய் அடங்கிக்கொண்டிருக்கும் நாளிலும் கூடும். கிணற்றில் இதுவரை இறைத்த குடங்களின் கணக்கு வேறு, இப்போது தொட்டியில் இருக்கும் தண்ணீர் வேறு என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிறது.

மாவட்ட அட்டவணையில் இன்னொரு சுவையான இடம் உண்டு. அப்போது அட்டவணையில் இருந்தவை 37 மாவட்டங்கள். அவற்றின் எண்களைக் கூட்டினால் மாநில மொத்தம் வராது. பிள்ளைகள் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், அரசாங்கமே கணக்கு தப்பாப் போட்டிருக்கு” என்று மகிழ்ச்சியோடு வருவார்கள். அட்டவணையின் கடைசியில் பாருங்கள் என்பேன். விமான நிலையக் கண்காணிப்பு, ரயில் நிலையக் கண்காணிப்பு என்று தனி வரிசைகள் இருக்கும். வெளியிலிருந்து வந்து இறங்கிய இடத்திலேயே தொற்று கண்டறியப்பட்டவர்கள் எந்த மாவட்டக் கணக்கிலும் சேரவில்லை. ஓர் அட்டவணையை அதன் கடைசி வரி வரை வாசிக்கும் பழக்கத்தை இதைவிட எளிதாகச் சொல்லித்தர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சதவீதப் பாடத்துக்குப் பரிசோதனை எண் போதும். திங்கட்கிழமை 500 பேரைச் சோதித்ததில் 50 பேருக்குத் தொற்று. செவ்வாய்க்கிழமை 1000 பேரில் 60 பேருக்கு. மறுநாள் தலைப்பு ‘தொற்று அதிகரிப்பு’ என்று வரும். ஆனால் நூற்றுக்குப் பத்தாக இருந்தது ஆறாகக் குறைந்திருக்கிறது. இது வகுப்புக்காக நான் எடுத்துக்கொண்ட எண். அறிக்கையில் மாதிரிகளின் எண்ணிக்கையும் சோதிக்கப்பட்ட நபர்களின் எண்ணிக்கையும் தனித்தனியே இருக்கும் என்பதையும் காட்டிவிட வேண்டும்; ஒருவரிடமே இரண்டு மூன்று முறை மாதிரி எடுப்பதுண்டு. இன்றைய எண் என்பது இன்று தொற்றியவர்களின் எண் அல்ல என்பது இதைவிட முக்கியம். கிருமி உடலில் நுழைந்து அறிகுறி காட்ட 14 நாள்கள் வரை ஆகலாம். பிறகு சோதனை, பிறகு முடிவு. மாலை அறிக்கை சொல்வது போன வாரத்துக் கதை.

வண்ண மண்டலங்களையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் 30 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319 என்று பிரித்தது. தமிழ்நாட்டில் சிவப்பு 12, ஆரஞ்சு 24, பச்சை ஒன்றே ஒன்று, கிருஷ்ணகிரி. அந்தப் பச்சையும் மே மாதத்தில் நிறம் மாறிவிட்டது. வரைபடத்தில் வண்ணம் தீட்டும்போது தேதியை எழுதாமல் விட்டால் வரைபடம் பொய்யாகிவிடும் என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதை வைத்தே விளக்கலாம்.

சொற்கள் செய்த வேலை

இந்தப் பகுதி தமிழாசிரியருடையது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

அவர் முதலில் கரும்பலகையில் இரண்டு வாசகங்களை எழுதுவார். ஒன்று, ‘பொதுமக்கள் அத்தியாவசியத் தேவைகளின்றிப் பொது இடங்களில் கூடுவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. இது அவராகவே அலுவலக நடையில் எழுதிக்கொண்டது. மற்றொன்று, மாநில அரசு அன்று எங்கும் பரப்பிய ‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு’. இரண்டாவதை ஒருமுறை கேட்ட பிள்ளை மறக்காது. ஏன் என்று கேட்டால் ‘மோனை’ என்று நான்கைந்து கைகள் உயரும். மோனை மட்டும் இல்லை. மூன்றும் ஏவல் வினைகள். யார், யாரை, எதற்காக என்ற சுற்றிவளைப்பு இல்லை. செய்யுள் இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இது நல்ல அதிர்ச்சி. என்றாலும் அந்த மூன்று சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடாது. வீட்டிலேயே இருந்தால் கூலி எங்கிருந்து வரும், மருந்து தீர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு முழக்கம் பதில் சொல்லாது. அதற்குச் செய்தி வேண்டும். முழக்கத்துக்கும் செய்திக்கும் உள்ள எல்லையை அவர் இங்கே கோடு போட்டுக் காட்டுவார்.

அடுத்தது ‘சமூக விலகல்’. தொடக்க வாரங்களில் நாளிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் இந்தச் சொல்தான் இருந்தது. பிறகு ‘சமூக இடைவெளி’ என்றும் ‘தனிநபர் இடைவெளி’ என்றும் மாறியது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், மக்கள் உடலளவில்தான் தள்ளி நிற்க வேண்டும், உறவில் அல்ல என்று சொல்லி, உடல் இடைவெளி என்ற பொருள் தரும் சொல்லுக்கு மாறியது. நம் மண்ணில் இந்த மாற்றத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு. விலகி நில், தொடாதே, தெருவுக்குள் வராதே என்ற சொற்களை நோய் எதுவும் இல்லாத காலத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கேட்ட மக்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் ‘சமூக விலகல்’ எப்படி விழுந்திருக்கும்? வகுப்பில் இதைச் சொல்லும்போது சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். தமிழாசிரியர் அவசரப்படாமல் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்.

‘தனிமைப்படுத்துதல்’ என்ற சொல்லோ இரண்டு வேலையைச் சுமந்தது. நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒருவரைத் தனியே வைப்பதற்கும் அதே சொல். நோய் உறுதியானவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பதற்கும் அதே சொல். வெளிநாட்டிலிருந்து வந்து, காய்ச்சல்கூட இல்லாமல், வீட்டுத் திண்ணையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவரை ஊரே நோயாளி என்று நினைத்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ‘கண்காணிப்பில் இருக்கிறார்’, ‘சிகிச்சையில் இருக்கிறார்’ என்று பிரித்துச் சொல்லியிருந்தால் போதும்.

ஒரு டோக்கனும் ஓர் அறிவிப்பும்

மூன்றாம் பாடவேளைக்கு 2020 ஏப்ரல் மாதத்திலிருந்து இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறோம்.

ஊரடங்கு நிவாரணமாக அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஏப்ரல் 2 முதல் வழங்கல் தொடங்கியது. எல்லோரும் ஒரே நாளில் நியாயவிலைக் கடை முன் கூடினால் ஊரடங்குக்கே பொருளில்லாமல் போய்விடும். அதனால் எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று குறித்த டோக்கன்கள் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டன. அந்தச் சிறு துண்டுக் காகிதத்தை நான் மிகச் சிறந்த அறிவிப்பு என்பேன். அதில் கிருமியைப் பற்றி ஒரு வரி இல்லை, அறிவுரை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டி “எனக்கு எப்போ?” என்று கேட்டால் போதும். தனக்கும் வரும், தீர்ந்துபோகாது என்ற உறுதியை அந்தத் துண்டுக் காகிதம் கொடுத்தது. வரிசையில் முண்டுவதற்குப் பெரிய காரணம் பொருள் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம்தானே.

இரண்டாவது நிகழ்வு அதே மாதம் 24ஆம் தேதி. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26ஆம் தேதி காலை முதல் 29ஆம் தேதி இரவு வரையும், சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் 28ஆம் தேதி வரையும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் ஒரே ஒரு நாள். 25ஆம் தேதி காலை கடைகளிலும் சந்தைகளிலும் திரண்ட கூட்டத்தைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அறிவிப்பில் நடமாடும் வண்டிகளில் காய்கறி, பழம் விற்கப்படும் என்ற செய்தியும் இருந்தது. ஆனால் மக்கள் காதில் விழுந்தது ‘நாலு நாள் எதுவும் கிடைக்காது’ என்பதே.

யார் மேல் குற்றம் என்று பேசுவதற்காக இதை வகுப்புக்குக் கொண்டுவரவில்லை. அந்த நாள்களில் முடிவெடுத்தவர்களுக்கு இருந்த நெருக்கடியை நாம் எளிதாக மதிப்பிட முடியாது. பிள்ளைகளிடம் கொடுக்கும் வேலை இதுதான்: அதே செய்தியை, அதே தேதிகளோடு, மக்கள் கூட்டமாக ஓடாதபடி எழுதிக் காட்டுங்கள். சென்ற ஆண்டு ஒரு குழு, முதல் வரியிலேயே ‘உங்கள் தெருவுக்குக் காய்கறி வண்டி வரும்’ என்று எழுதி, ஊரடங்கு என்ற சொல்லையே மூன்றாவது வரிக்குத் தள்ளியிருந்தது. இன்னொரு குழு வண்டி வரும் நேரத்தை எழுதக் கோடிட்ட இடம் விட்டு, “அது தெரிஞ்சாத்தான் டீச்சர் நம்புவாங்க” என்றது. எனக்கு இரண்டாவது குழுவின் மேல்தான் அதிக மதிப்பு.

ஆசிரியர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 24 அன்று மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று காலைதான் பிளஸ் டூ கடைசித் தேர்வு. வர முடியாமல் போனவர்களுக்கு ஜூலை 27இல் மறுதேர்வு நடத்தப்பட்டது. ஒரு மலைக்கிராமத்து மாணவருக்கு 23ஆம் தேதி இரவு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் எழுதச் சொல்லலாம். பேருந்து உண்டா, வராவிட்டால் வேறு வாய்ப்பு தருவார்களா, யாரிடம் கேட்பது என்று பட்டியல் தானாக வளரும்.

சொல்லக் கூடியதும் சொல்லக் கூடாததும்

நான்காம் பாடவேளைதான் கடினம். முதல் சில வாரங்களில் ஒவ்வொரு தொற்றும் தனித்தனியே எண்ணிட்டு அறிவிக்கப்பட்டது. வயது, ஆணா பெண்ணா, எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்த மருத்துவமனை. பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் போதுமா என்று வகுப்பில் கேட்டேன். கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: “எங்க தெருவுல துபாய்லேருந்து வந்தது ஒரே ஒரு அண்ணன்தான் டீச்சர். வயசு போட்டாப் பேரு போட்ட மாதிரிதான்.” நகரத்தில் மறைக்கும் செய்தி கிராமத்தில் காட்டிக்கொடுத்துவிடும். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

வீட்டு வாசலில் ஒட்டிய தாள்களும் அப்படித்தான். பக்கத்தில் வருபவரை எச்சரிக்க ஒட்டியது, அந்த வீட்டுக்குப் பால்காரர் வராமல் போகவும் காரணமானது. 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி ஆணையிட்டால் தவிர, தொற்றுள்ளவர் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று கூறியது. குடிமையியலில் அடிப்படை உரிமைகள் நடத்தும்போது இந்த ஆணை நல்ல எடுத்துக்காட்டு.

செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று வேண்டும். கோழிக்கறியில் கொரோனா பரவுகிறது என்ற வதந்தியால் 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாமக்கல் வட்டாரத்தில் முட்டையும் கறிக்கோழியும் விலை சரிந்து பண்ணையாளர்கள் தவித்தது பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அடுத்ததைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். அந்த ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. கடைசியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே இரவில் மண்ணை அள்ளிப்போட்டு அவரை அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. அதன்பின், அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

உரிய முன்னெச்சரிக்கையோடு செய்தால் இறந்தவர் உடலிலிருந்து தொற்றும் ஆபத்து மிகக் குறைவு என்ற வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆக, உண்மை இருந்தது. ஆங்கிலத்தில், அலுவலகக் கோப்பு நடையில் இருந்தது. அந்தத் தெருவுக்கு அன்று மாலை அது தமிழில் போய்ச் சேரவில்லை. கல்லெறிந்தவர்களை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இந்தப் பாடவேளையின் முடிவில் பிள்ளைகள் அந்தத் தெருவாசிகளுக்கு ஐந்து வரியில் ஒரு செய்தி எழுதுவார்கள். திருத்துவதற்கு எனக்கு மிக நேரம் எடுப்பவை அந்தத் தாள்கள்தான்.

குரலில் சொல்லிப் பார்த்தல்

கடைசிப் பாடவேளை வெளியில், மரத்தடியில். முன்பெல்லாம் ஊரில் செய்தி சொல்லத் தண்டோரா போடுவார்கள். குறிப்பிட்ட சாதியினர் மேல் சுமத்தப்பட்டு வந்த அந்த வேலையைக் கைவிட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு 2022இல் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஆக, இப்போது ஒலிபெருக்கி. ஓடும் வண்டியிலிருந்து வரும் குரலை ஒரு வீட்டுக்காரர் அதிகம் போனால் அரை நிமிடம் கேட்பார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதை ஒருமுறை மட்டும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும், சத்துணவுக் கூடத்து அக்காக்களும், அன்று பள்ளிக்கு வந்த யாராவது ஒரு பெரியவரும். கேட்டு முடித்ததும் கரும்பலகைக் கேள்வியை அவர்களிடம் கேட்போம். அவர்கள் சொல்லும் பதிலுக்குத்தான் மதிப்பெண், எழுத்தழகுக்கு இல்லை.

சென்ற மழைக்காலத்தில் கொரோனாவை விட்டுவிட்டு டெங்குவை எடுத்துக்கொண்டோம். கொசுவின் முட்டை வளர்ந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதை அறிவியல் ஆசிரியர் விளக்கினார். பிள்ளைகள் எழுதியது: “தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். மூடி வையுங்கள். காய்ச்சல் வந்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 104க்குப் பேசுங்கள்.” பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு பாட்டி கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான் கண்ணு, எந்தக் கிழமை கழுவணும்?” என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவர் சைக்கிளில் போய், மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்டு வந்தார்கள். சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்த தாளில் ‘வாரம் ஒருமுறை’ என்பதை அடித்துவிட்டு, மேலே பச்சை மையில் ‘புதன்கிழமை காலை, தண்ணீர் வருவதற்கு முன்’ என்று எழுதியிருந்தார்கள்.